பொய்யைப் பொய்யென்று காட்டுபவன் நம் பகைவன் அல்லன்

ஓர் இனத்தின் நீதிக் கோரிக்கை சான்றுகளின் மேல் நிற்கிறது. சான்றுகளுள் இன்று முதலிடம் பெறுவது படம். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னிப் பெருநிலத்தில் நிகழ்ந்தவற்றை நேரில் காணச் சுதந்திரமான பன்னாட்டுச் செய்தியாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. அங்கிருந்து வெளியுலகை அடைந்தவற்றுள் பல, கைப்பேசிகளிலும் சிறு படக்கருவிகளிலும் பதிவான காட்சிகளே. எனவே படம் என்பது நமக்குப் பொழுதுபோக்கு அன்று. ஓய்வுநேர அழகியல் விவாதமும் அன்று. நம்மிடம் எஞ்சியிருக்கும் சாட்சி அது.

இந்நிலையில், புலம்பெயர்ந்த தமிழரிடையே ஒரு குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் எழுகிறது. ஈழத் தமிழர் மரபில் வந்த கலைஞர் கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ், நம் வரலாற்றைக் கணினி ஆக்கிய போலி உருவங்களோடு கலந்து ஐரோப்பியக் காட்சிக்கூடங்களில் வைக்கிறார். இது நம் இறந்தோரை அவமதிப்பதாகும். இதனைப் புறக்கணிக்க வேண்டும் என்பதே அக்குற்றச்சாட்டு. அமைப்புப் பணிகளில் நீண்டகாலம் உழைத்த பெரியவர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்: “எங்கட சனம் செத்த மண்ணை வைச்சு உவை விளையாடுகினம், தம்பி. நீங்கள் அதைப் போய்ப் பாக்கச் சொல்லுறியள்.”

அவருடைய வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவை ஏற்கவில்லை. நம் சினம் தவறான திசையில் பாய்கிறது. தான் ஆக்கியது பொய்யுருவே என்பதை மறைக்காத கலைஞனை நாம் பகைக்கிறோம். உண்மையென்று வேடமிட்டு நம் கைப்பேசிக்குள் நுழையும் பொய்யை நாமே நூறு பேருக்கு அனுப்பி வைக்கிறோம். இந்த முரண்பாட்டைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்தக் கலைஞர்?

1979இல் பிறந்து லண்டனில் வளர்ந்த குலேந்திரன் தாமஸ், பெர்லினிலும் லண்டனிலும் இயங்கி வருபவர். அவருடைய துறை கருத்துருக் கலை. எதை வரைந்தார், எவ்வளவு நேர்த்தியாக வரைந்தார் என்பதைவிட, எந்தக் கேள்வியை நம் முன் நிறுத்தினார் என்பதே இத்துறையில் முதன்மை. ஓவியம், படம், வணிக நிறுவனம், விலைச்சீட்டு ஆகிய எல்லாமே இங்கே கலையின் கருவிகள் ஆகலாம்.

அவருடைய தொடக்ககாலப் படைப்புத் தொடரின் பெயர் ‘வென் பிளாட்டிட்யூட்ஸ் பிகம் ஃபார்ம்’. போர் முடிந்தபின் கொழும்பில் சமகாலக் கலைக்கான சந்தை விரிவடைந்தது. அங்குள்ள காட்சிக்கூடங்களில் இலங்கை ஓவியர்களின் படைப்புகளை அவர் விலைகொடுத்து வாங்கினார். அவற்றைத் தம் அமைப்புக்குள் பொருத்தி, மேற்கத்தியக் கலைச் சந்தையில் தம் படைப்பாக வைத்தார். கொழும்பில் ஒரு விலை; மேற்கில் வேறொரு விலை. பொருள் அதுவே, இடமும் பெயரும் சட்டகமும் மட்டுமே மாறின. அந்த விலை வேறுபாடே அப்படைப்பின் உள்ளடக்கம். குருதி காய்வதற்கு முன்பே ‘அமைதி’ எவ்வாறு ஒரு சந்தைப் பொருளாயிற்று என்பதை இதனினும் கூர்மையாக எந்தத் துண்டறிக்கையில் நாம் சொன்னோம்?

2016இல் ஈராண்டுக் கலைவிழாக்கள் போன்ற பெருமேடைகளுள் ஒன்றான ஒன்பதாவது பெர்லின் பினாலேயில் ‘நியூ ஈழம்’ என்னும் படைப்பை அவர் முன்வைத்தார். அது ஒரு புதுத்தொழில் நிறுவனத்தின் வடிவில் அமைந்தது. உறுப்பினராகச் சேர்பவர், உலகின் பல நகரங்களிலும் உள்ள வீடுகளைப் பகிர்ந்து வாழலாம் என்பது அதன் முன்மொழிவு. நிலத்தை இழந்த ஓர் இனம் நாட்டைப் பற்றி எவ்வாறு சிந்திக்கலாம், குடியுரிமை என்பது எல்லைக்கோட்டுக்குள் மட்டுமே அடங்குவதா என்னும் கேள்விகள் அதில் இருந்தன. இவற்றை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ‘ஈழம்’ என்னும் சொல்லை உலகக் கலை அரங்கின் நடுவே, பயங்கரவாதம் என்னும் அடைமொழி இன்றி, ஒரு சிந்தனையாக வைத்தவர் அவர் என்பதை மறுக்க இயலாது.

சர்ச்சைக்குரியதாகச் சொல்லப்படும் ‘த ஃபினெஸ்’, அன்னிகா கூல்மன் என்பவரோடு இணைந்து அவர் உருவாக்கியது. 2022இன் பிற்பகுதியில் பெர்லினின் கே.டபிள்யூ. சமகாலக் கலை நிறுவனத்திலும் லண்டனின் ஐ.சி.ஏ. காட்சிக்கூடத்திலும் ஒரே காலத்தில் அது காட்டப்பட்டது. ஈழப் போராட்டக் காலத்தின் பழைய ஒளிப்பதிவுகளும், செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆக்கப்பட்ட உருவங்களும் அதில் கலந்து வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாசியனின் முகத்தைக் கொண்ட ஓர் உருவமும் அதில் பேசுகிறது. அதுவே பலரின் சினத்துக்குக் காரணம்.

ஏன் அந்த முகம்? சற்று எண்ணிப் பாருங்கள். ஆர்மேனிய வழித்தோன்றலான அந்தப் பெண்மணி 2015 ஏப்ரலில் ஆர்மேனியாவுக்குச் சென்றபோது, ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இனப்படுகொலை உலகச் செய்திகளில் பரவலாக இடம்பெற்றது. அறிஞர்கள் எழுதிக் குவித்த நூல்கள் எட்டாத இடத்துக்கு ஒரு பிரபலத்தின் முகம் எட்டியது. ஓர் இனத்தின் துயரத்தை உலகம் கேட்க வேண்டுமாயின் அதற்கு ஒரு புகழ்பெற்ற முகம் தேவைப்படுகிறது. நமக்கு அப்படியொரு முகம் இல்லை. கலைஞர் அதனைக் கணினியிடமிருந்து கடன் வாங்கிக் காட்டுகிறார். நான் அக்காட்சியை அவ்வாறே புரிந்துகொள்கிறேன். இதில் அவமானம் இருப்பின், அது நம் இறந்தோருக்கு அன்று. பிரபலத்தின் வாய்வழியாக அன்றி எதையும் கேட்க மறுக்கும் உலக ஊடகத்துக்கே.

2024இல் பிரசல்ஸ் நகரின் வீல்ஸ் கலைமையத்தில் அவருடைய கண்காட்சிக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘சேஃப் சோன்’. ‘பாதுகாப்பு வலயம்’ என்னும் அச்சொற்களைக் கேட்டதும் நம்முள் யாருக்கு நெஞ்சு நடுங்காது? 2009இல் அரசு அறிவித்த வலயங்களுக்குள் மக்கள் குவிந்தனர். அவ்வலயங்களின் மீதே எறிகணைகள் விழுந்தன. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. அக்கண்காட்சியில் முள்ளிவாய்க்காலை நினைவூட்டும் ஓவியங்களின் அருகே, 2001 செப்டம்பர் 11 காலை தாக்குதலுக்குச் சற்று முன்புவரை அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடிய காட்சிகள் இடம்பெற்றன. அந்த ஒரு காலைக்குப் பின் ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்னும் சொல்லாட்சி உலகை ஆண்டது. அது நம் தலைவிதியையும் மாற்றியது. இத்தொடர்பை உணர்த்தப் பக்கம் பக்கமாக எழுதினோம், படித்தவர் சிலரே. அவர் இரு காட்சிகளை அருகருகே வைத்தார்.

லைப்சிக் கண்ட படங்கள்

நம்மைப் பற்றிய படத்தை யார் ஆக்குகிறார்கள்? இக்கேள்வியின் கனத்தை, கலைக்கூடத்துக்கு வெளியே, நான் வாழும் லைப்சிக் நகரின் வரலாற்றிலேயே காணலாம்.

திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றினைக் கார்ல் கிரவுல் 1856இல் வெளியிட்டது இந்நகரிலேயே. தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்த லைப்சிக் மறைப்பணி மன்றத்தின் இயக்குநர் அவர். அதே நகரில் எர்ன்ஸ்ட் பிங்கெர்ட் 1878இல் விலங்குக்காட்சிச் சாலையை நிறுவினார். அங்கே விலங்குகள் மட்டும் காட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மனிதர்களும் நுழைவுச்சீட்டு வாங்கியோர்முன் நிறுத்தப்பட்டனர். 1931 வரை இது தொடர்ந்தது. 1897இல் நடந்த தொழில், வணிகப் பொருட்காட்சியில் கிழக்காப்பிரிக்க மக்கள் ‘ஊர்’ ஒன்றில் வாழ்வதுபோல் காட்சிப்படுத்தப்பட்டனர். ஹாம்பர்க்கின் ஹாகன்பெக் நிறுவனம் 1880களில் இலங்கையரையும் இவ்வாறு அழைத்து வந்து ஜெர்மன் நகரங்களில் காட்டியது. யானை, பாம்பாட்டி, நடனம், கூரைக்குடில் என்று ஒரு படம் அன்று வரையப்பட்டது. காட்டப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை. ‘வகை’ மட்டுமே இருந்தது.

அப்படம் அழிந்துவிட்டதா? லைப்சிக்கிலிருந்து சிறிது தொலைவிலுள்ள மியூகெல்ன் என்னும் சிற்றூரின் திருவிழாவில், 2007 ஆகஸ்டில், எட்டு இந்தியர்களை ஏறத்தாழ ஐம்பது பேர் தெருவில் துரத்தினர். அவர்கள் ஓர் உணவகத்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தனர். 2015 மார்ச்சில், லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்த இந்திய மாணவர் ஒருவரை, இந்தியாவின் ‘பாலியல் வன்முறைச் சிக்கலை’க் காரணங்காட்டிப் பேராசிரியர் ஒருவர் மறுத்த செய்தி வெளியாயிற்று. அவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். இந்தியாவிலிருந்த ஜெர்மன் தூதர் வெளிப்படையான கடிதம் ஒன்றின் மூலம் அவரைக் கண்டித்தார். அந்த மாணவர் என்ன செய்தார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சிச் செய்தி ஆக்கிய படம் ஒன்று, அவர் வருமுன்பே வந்து அவருடைய நாற்காலியில் அமர்ந்துவிட்டது. 2023 ஏப்ரலில், மக்கள்தொகையில் இந்தியா சீனாவை முந்துவதை ‘டெர் ஸ்பீகல்’ இதழ் கேலிச்சித்திரமாக்கியது. கூரைமேல் மக்கள் பிதுங்கி வழியும் பழைய தொடர்வண்டியாக இந்தியாவும், அதிவேகத் தொடர்வண்டியாகச் சீனாவும் அதில் வரையப்பட்டன. 1880களின் குடிசை 2023இல் தொடர்வண்டி ஆயிற்று, சட்டகம் மாறவில்லை.

இத்தகைய படங்களை எதிர்கொள்ளும் வழியைக் காட்டிய முன்னோடி ஒருவர் பெர்லினில் வாழ்கிறார். 1948இல் நியூயார்க்கில் பிறந்து, 2005 முதல் அந்நகரில் வாழும் கருத்துருக் கலைஞர் ஏட்ரியன் பைப்பர். கறுப்பினத்தவரான அவர் வெளிர்நிறம் உடையவர். அதனால் அவரை வெள்ளையர் எனக் கருதி, அவர் முன்னிலையிலேயே கறுப்பரை இழிவாகப் பேசுவோர் உண்டு. 1986இல் அவர் சிறு முகவரி அட்டை ஒன்றை அச்சிட்டார். இழிசொல் கேட்டபோது கூச்சலிடாமல் அந்த அட்டையை நீட்டினார். தாம் கறுப்பினத்தவர் என்பதை அது அறிவித்தது. அதே ஆண்டில், ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் பக்கங்களின் மேலேயே கரிக்கோலால் கறுப்பின உருவங்களை வரைந்தார். செய்திக்கும் விளம்பரத்துக்கும் அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளையரின் அச்சத்தை அந்தப் பக்கத்திலேயே வெளியே இழுத்தார். 2015இல் வெனிஸ் பினாலே அவருக்குத் தங்கச் சிங்க விருது வழங்கியது. ஊடகத்தைத் திட்டிவிட்டு வீடு திரும்புவது எளிது. ஊடகத்தின் பக்கத்தின் மேலேயே எழுதுவது அரிது. குலேந்திரன் தாமஸ் செய்வதும் அவ்வகைப் பணியே.

நாம் என்ன செய்கிறோம்? ஜெர்மானியர் அழைக்கும் பண்பாட்டு விழாக்களுக்குப் பட்டுடுத்திய சிறுமியரின் நடனத்தையும் தட்டில் வைத்த வடையையும் கொண்டு செல்கிறோம். மே மாதத்தில் பிணங்களின் படங்களைப் பதாகைகளில் ஏந்துகிறோம். ஆடும் தமிழர், அழும் தமிழர் ஆகிய இரு படங்களே நாம் உலகுக்கு அளிப்பவை. ஆடலும் வேண்டும், அழுகையும் வேண்டும். ஆனால் சிந்திக்கும் தமிழர், கேள்வி கேட்கும் தமிழர், படத்தையே கேள்விக்குள்ளாக்கும் தமிழர் எங்கே? ஒருவர் தோன்றினால் அவரைப் புறக்கணிக்கச் சொல்கிறோம்.

ஒரு படம் செய்த வேலை

உண்மைப் படம் எவ்வளவு வலிமையுடையது என்பதற்கும் லைப்சிக்கே சான்று. 1989 அக்டோபர் 9ஆம் நாள் மாலை, ஏறத்தாழ 70,000 மக்கள் இந்நகரின் சுற்றுச்சாலையில் அணிவகுத்தனர். துப்பாக்கிச்சூடு நிகழும் என்ற அச்சம் எங்கும் இருந்தது. மேற்கத்தியச் செய்தியாளர்கள் நகருக்குள் வரத் தடை. சீக்பெர்ட் ஷெஃப்கே, அராம் ராடோம்ஸ்கி என்னும் இருவர் சீர்திருத்தத் திருச்சபையின் கோபுரத்தில் ஏறி, மறைவாக இருந்து அந்த மக்கள் வெள்ளத்தைப் பதிவு செய்தனர். ஒளிப்பேழை மேற்கு பெர்லினுக்குக் கடத்தப்பட்டு, மறுநாள் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கிழக்கு ஜெர்மனியில் இருந்தோரும் அதனைத் தம் வீடுகளில் கண்டனர். ஒரு மாதத்தில் பெர்லின் மதில் திறந்தது.

நம்முடைய படங்களும் அவ்வாறே கடத்தப்பட்டவை. 2009 ஆகஸ்ட் 25 அன்று, கைகள் பின்னே கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சியைப் பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பியது. ‘போலி’ என்ற ஒரே சொல்லால் கொழும்பு அதனை மறுத்தது. அப்போது ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் நோய்க்கூறு, ஒளிப்பதிவு ஆய்வு, துப்பாக்கி ஆய்வு ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று வல்லுநர்களிடம் அதனை ஒப்படைத்தார். அப்பதிவு உண்மையானதே என்பதை ஆய்வுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். விளக்க இயலாத சில கூறுகளையும் அவர் மறைக்கவில்லை. அவற்றுள் ஒன்று, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்னும் நாள். போர் மே மாதத்திலேயே முடிந்திருந்தது. ஒரு கோப்பில் பதிந்த ஒரு தேதி எதிர்த்தரப்புக்கு எத்தனை பெரிய ஆயுதம் என்பதை எண்ணிப் பாருங்கள்! 2011 ஜூனில் ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படம் வெளிவந்தது. 2013இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் இறுதிநேரப் படங்கள் வெளியாயின. தமிழ்நாட்டில் மாணவர்கள் வகுப்பறைகளைவிட்டுத் தெருவுக்கு வந்தனர்.

அப்படங்கள் வென்றமைக்குக் காரணம், அவை கண்ணீரை வரவழைத்தது மட்டும் அன்று. சோதனையைத் தாங்கின என்பதே முதன்மையானது.

எது நமக்குப் பகை?

2023 நவம்பர் 27 அன்று, மாவீரர் நாளில், விடுதலைப் புலிகளின் தலைவருடைய மகள் துவாரகா என்று தம்மைக் கூறிக்கொண்ட பெண் ஒருவர் உரையாற்றும் காணொளி இணையத்தில் வெளியாயிற்று. புலம்பெயர் அமைப்புகள் பலவும் அதனை மறுத்தன. செயற்கை நுண்ணறிவின் ஆக்கம் என்று பலர் ஐயுற்றனர். ஆயினும் மறுப்புகள் வந்து சேருமுன்பே அது கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்துவிட்டது. நம்பிக்கையோடு காத்திருந்த தாய்மார்களின் நெஞ்சில் அது செய்த காயத்தை யார் ஆற்றுவார்?

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2022இல் கலைக்கூடத்தில் கிம் கர்தாசியனின் முகம் பேசியது. அதனை உண்மையென நம்பியவர் எவரும் இலர். நம்ப வைப்பதும் அதன் நோக்கம் அன்று. ‘இனிவரும் காலத்தில் எந்த முகமும் எதையும் பேசும், விழித்திருங்கள்’ என்பதே அது தந்த எச்சரிக்கை. ஓராண்டுக்குப்பின் அந்த எச்சரிக்கை நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. எச்சரித்தவனைத் தூற்றினோம், ஏமாற்ற வந்ததை ‘ஃபார்வர்ட்’ செய்தோம்.

இது தனி நிகழ்வும் அன்று. வேறு நாட்டுப் போர்களில் எடுத்த படங்களை வன்னியின் படங்கள் என்று பகிர்வோர் நம்மிடையே உள்ளனர். இடமும் நாளும் எடுத்தவர் பெயரும் இன்றிப் படங்களைப் பதாகையில் அச்சிடுவோர் உள்ளனர். கேட்டால், “நடந்தது உண்மைதானே, படம் எதுவாயிருந்தால் என்ன?” என்கின்றனர். இதனினும் பெரிய தீங்கை நமக்கு நாமே செய்துகொள்ள இயலாது. ஒரு பொய்ப்படம் பிடிபட்டால் எதிர்த்தரப்பு அந்த ஒன்றோடு நிற்பதில்லை. அதனைக் காட்டி நூறு உண்மைப் படங்களையும் தள்ளிவிடுகிறது. 2009இல் அவர்கள் சொன்ன ‘போலி’ என்ற சொல்லுக்கு அன்று ஆதாரம் இருக்கவில்லை. இன்று அந்த ஆதாரத்தை நாமே தயாரித்து அளிக்கிறோம்.

மென்பொருள் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். வாட்ஸ்அப் வழியே வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது, அது சுருக்கப்படுகிறது; எடுத்த நாள், இடம், கருவி ஆகியவற்றைக் குறிக்கும் உள்விவரங்களும் நீக்கப்படுகின்றன. பத்துக் கைகள் மாறிய படம் சாட்சி அன்று, சாட்சியின் நிழல். ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறியமைவு ஒன்று மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் உருவாக்கப்பட்டது. அத்தகைய இடத்துக்கு நிழல்களைக் கொண்டு செல்ல முடியாது, மூலக்கோப்பு வேண்டும்.

கலைஞரிடம் நாம் கேட்க வேண்டியவை

இதனால் குலேந்திரன் தாமஸின் படைப்புகள் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை என்று நான் சொல்லவில்லை. அவர் காட்டும் ஈழம் ஒரு கனவுச் சாயல் கொண்டது. கூட்டுறவும் கலையும் செழித்த மாற்று உலகாக அது தோன்றுகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது, சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டது போன்ற கறைகளை அக்கனவு எங்கே வைக்கிறது என்று கேட்பது நியாயமே. அழகூட்டப்பட்ட படமும் ஒரு படமே. நாம் மற்றவரிடம் கேட்பதை நம்மவரிடமும் கேட்க வேண்டும். அவருடைய பார்வையாளர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த கலைக்கூட விரும்பிகள். வன்னியிலிருந்து வந்த ஒரு தாய்க்கு அந்தக் கூடத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது? உண்மைப் பதிவையும் ஆக்கிய உருவத்தையும் ஒரே திரையில் கலக்கும்போது, பழைய பதிவின் சாட்சித்தன்மை குன்றாதா?

இவை யாவும் வலுவான கேள்விகள். ஆனால் இவற்றைக் கேட்க வேண்டுமாயின் முதலில் அங்கே போக வேண்டும். காணாத படைப்பைக் கண்டிப்பவனுக்கு, படிக்காத நூலைக் கொளுத்துபவனுக்குரிய மதிப்பே கிடைக்கும்.

பிற இனத்தார் இதனை உணர்ந்துள்ளனர். 2021இல் லைப்சிக்கின் சமகாலக் கலைக்கூடம், வியட்நாமில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த சுங் தியூ என்னும் கலைஞரின் ‘மல்ட்டிபாய்’ கண்காட்சியை நடத்தியது. கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளராக அழைக்கப்பட்ட வியட்நாமியரின் வாழ்வை அது எடுத்துப் பேசியது. ஒரு காலத்தில் தொழிற்சாலை எண்களாக மட்டும் அறியப்பட்டவர்களின் கதை, இந்நகரின் கலைக்கூடச் சுவரில் ஏறியது. ஜெர்மனியில் நான்கு பதிற்றாண்டுகளாக வாழும் ஈழத் தமிழரின் கதை அந்தச் சுவரில் எப்போது ஏறும்? ஏற்றக்கூடிய கலைஞர் பெர்லினில் இருக்கிறார். ஒன்றரை மணிநேரத் தொடர்வண்டிப் பயணம். அழைக்க வேண்டியவர்கள் நாம்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் வீட்டில், பழைய கைப்பேசியில், ஒளிப்பேழையில், ஒளித்தட்டில் உள்ள 2009க்கு முந்திய, பிந்திய பதிவுகளை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள். மூலக்கோப்பை அப்படியே இரு வேறு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணிப்பு எண்ணைப் பெற்றுக் குறித்து வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எனவே அது கோப்பின் கைரேகை போன்றது. இதனைச் செய்யத் தெரிந்த இளைஞர் நம் ஒவ்வோர் அமைப்பிலும் உண்டு.

2. யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று தெரியாத படத்தைப் பகிராதீர்கள். எவ்வளவு உருக்கமாயினும் பகிராதீர்கள். உருக்கம் சான்று ஆகாது. படத்தை அளித்தவரின் உயிருக்கு ஊறு வருமாயின் பெயரைப் பொதுவெளியில் மறையுங்கள், ஆவணத்தில் மறைக்காதீர்கள். 1989இல் அந்த ஒளிபரப்பும் எடுத்தவர்களைக் காக்க அவர்கள் பெயரை மறைத்து, இத்தாலியப் படக்குழு எடுத்தது என்றே அறிவித்தது. காட்சியில் ஒரு கட்டமும் மாற்றப்படவில்லை. எடுத்தோர் யார் என்பது பின்னர் வெளிப்படையாயிற்று.

3. நம் விழாக்களிலும் நினைவு நிகழ்வுகளிலும் கணினி ஆக்கிய படங்களைப் பயன்படுத்தினால், ‘இது ஆக்கப்பட்டது’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். கலைஞனிடம் எதிர்பார்க்கும் நேர்மையை அமைப்புகளும் கடைப்பிடிக்க வேண்டும்.

4. தமிழ் மரபில் வந்த கலைஞர்களின் கண்காட்சிகளுக்குக் குடும்பத்தோடு செல்லுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை முன்னே விடுங்கள். அவர்களுக்கு அந்த மொழி நம்மைவிட நன்கு புரியும். தமிழில் விளக்கக் குறிப்பு வேண்டும் என்று காட்சிக்கூடங்களுக்கு எழுதுங்கள்.

5. லைப்சிக் போன்ற நகரங்களில் வாழ்வோர், இங்குள்ள அருங்காட்சியகங்களில் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பொருள்களும் படங்களும் எவை, அவற்றில் உள்ளோர் பெயர் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். ‘வகை’ என்று எழுதப்பட்ட இடத்தில் பெயர் எழுதப்பட வேண்டும்.

அன்பான உறவுகளே, முன்பு நம்மைக் கூண்டுக்கருகே நிறுத்திப் படம் ஆக்கினார்கள். பின்பு செய்தித்திரையில் ஆக்கினார்கள். இனி நம் படத்தை யாரும், எங்கிருந்தும், நம் முகத்தையே கொண்டு ஆக்கலாம். இந்தக் காலத்தில் படம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதைக் கற்பிப்பவன் நமக்குத் தேவைப்படுபவன். அவனோடு வாதிடுவோம், வேண்டுமாயின் கடுமையாகவே வாதிடுவோம். ஆனால் கதவை அடைக்க வேண்டியது அவன் முகத்தில் அன்று; நாளும் நம் கைப்பேசியில் வந்து இறங்கும் பெயரற்ற பொய்யின் முகத்தில்தான்.

முள்ளிவாய்க்கால் மணலில் மடிந்தோருக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர்களைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பது.